பந்தலைத் தூக்கும் காற்று

சேலத்தில் சாலையோரம் கடை போடுகிறவர்களின் கூரை மாறிவிட்டது. அம்மாபேட்டை உழவர் சந்தைக்கு அக்கம்பக்கம் ஒரு மாலை நடந்து பாருங்கள். தட்டுவடை செட் விற்கும் இடம், பருவத்தில் மல்கோவா குவித்த பலகை, ஹெல்மெட் கடை, சிம் கார்டு விற்கும் பையன்கள், சித்திரையில் கட்சிக்காரர்களின் நீர்மோர்ப் பந்தல், ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு முளைக்கும் வளையல் கடை என்று எல்லாவற்றின் தலைக்கு மேலும் ஒரே சாயல். நான்கு இரும்புக் கால், மடங்கி விரியும் சட்டம், நடுவில் கூம்பாக எழும் பாலியஸ்டர் துணி. கடைக்காரர்கள் கேனோபி என்பார்கள். நாம் மடக்குப் பந்தல் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி. குழி தோண்ட வேண்டாம், ஷாமியானாக் கடைக்கு வாடகை கட்ட வேண்டாம், இரண்டு பேர் இருந்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

வாங்குகிறவர் நிழலை வாங்குவதாக நினைக்கிறார். அவர் உண்மையில் வாங்குவது 9.3 சதுர மீட்டர் பாய்மரத் துணி. அதைத் தரையோடு பிடித்து வைக்கும் பொருள் எதுவும் அந்தப் பையில் இருப்பதில்லை. இருந்தாலும் விரல் நீள ஆணி நான்கும் மெல்லிய கயிறு நான்கும்தான். பந்தலின் முக்கால்வாசித் தொல்லை இந்தக் குறையில்தான் தொடங்குகிறது.

முதலில் அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்தச் சட்டம் உண்மையிலேயே அழகான பொறியியல். இரண்டு பட்டைகளை நடுவில் ஓர் ஆணியால் கோத்தால் கத்தரி. கத்தரிகளை வரிசையாகக் கோத்தால் ஒரு முனையை இழுக்கும்போது வரிசை முழுவதும் நீளும், தள்ளும்போது சுருங்கும். படங்களைப் பெரிதாக்கி வரைய உதவும் பாண்டோகிராஃப் கருவியைக் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1603இல் உருவாக்கியபோது, ஆணியால் கோத்த பட்டைகள் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் இதே குணத்தைத்தான் பயன்படுத்தினார். இதைக் கூரையாக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் எமிலியோ பெரெஸ் பின்யேரோ. 1961இல் லண்டனில், லாரியில் ஏற்றிச் சென்று விரிக்கக்கூடிய ஒரு நடமாடும் நாடக அரங்கத்தின் மாதிரியை அவர் வைத்தார். 1980களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, கைக்கு அடக்கமாகச் சந்தைக்கு வந்தவையே இன்றைய மடக்குப் பந்தல்கள்.

நான்கு பக்கமும் பக்கத்துக்கு இரண்டு கத்தரிகள். ஒவ்வொரு கத்தரி வரிசையின் மேல்முனை காலின் உச்சியில் அசையாமல் இருக்கும். கீழ்முனை காலின் மேல் ஏறி இறங்கும் ஸ்லைடரில் மாட்டியிருக்கும். நான்கு பக்கமும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் ஒரு மூலை நகர்ந்தால் மற்ற மூன்றும் நகர்ந்தாக வேண்டும். எதிர் எதிர் மூலைகளில் இருவர் நின்று ஒரே வேகத்தில் பின்னோக்கி நடக்கச் சொல்வது இதனால்தான். ஒருவர் மட்டும் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தூரத்துக் கால்கள் தரையில் உரசி முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு முழுவதும் நடுவில் உள்ள மெல்லிய பட்டைகளில் முறுக்காக விழும். புதுப் பந்தல் முதல் மாதத்திலேயே கோணிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு நுணுக்கம். துணி கிட்டத்தட்ட விறைத்த பிறகு, கடைசி ஐந்து விரற்கடைக்காகக் கால்களை வெளியே இழுத்து மல்லுக்கட்டுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது வீண். கத்தரி நன்றாக விரிந்து படுக்கையாகிவிட்ட நிலையில் பட்டைகள் கிடைமட்டத்தோடு பதினைந்து பாகை அளவில்தான் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் ஸ்லைடரை மேலே ஒரு கிலோ விசையோடு தள்ளினால் துணியைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ விசையோடு இழுக்கிறது சட்டம். வெளியே இழுத்தால் அதே கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். ஆகவே முக்கால் பங்கு விரியும் வரை இழுக்க வேண்டும். அதன்பின் காலின் உச்சியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஸ்லைடரை மேலே தள்ளி, பட்டன் டக்கென்று துளையில் விழும் வரை விடக்கூடாது. விரல்களைப் பட்டைகளின் குறுக்கில் வைக்காதீர்கள். கத்தரி என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

இந்தச் சட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கத்தரிகள் எல்லாம் மேலே, கூரையோடு இருக்கின்றன. அதற்குக் கீழே ஆளுயரத்துக்கு வெறும் கால்கள். ஒரு காலையும் அடுத்த காலையும் மூலைவிட்டமாக இணைக்கும் கம்பி எதுவும் இல்லை. இருந்தால் வாடிக்கையாளர் தலையில் இடிக்கும். அதனால் பக்கவாட்டில் தள்ளினால் பந்தல் முழுவதும் ஆடும். நம் ஊர்க் கீற்றுப் பந்தலில் மூங்கில் கால்களைக் குழி தோண்டி நட்டு, மண்ணை இடித்து இறுக்கினார்கள். பக்கவாட்டு விசையை மண் வாங்கிக்கொண்டது. தென்னங்கீற்றின் இடுக்குகள் வழியே காற்றில் ஒரு பங்கு கசிந்து போனது; கயிற்றுக் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தது. புதிய பந்தலுக்கு நட்ட காலும் இல்லை, ஓட்டைக் கூரையும் இல்லை. மழைக்கு ஒழுகாத துணி காற்றுக்கும் வழி விடாது.

இனிக் காற்றின் கணக்கு. நகரும் காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சேலத்து உயரத்திலும் வெப்பத்திலும் சுமார் 1.15 கிலோ என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று பத்துக்குப் பத்து அடிக் கூரையின் மேல் 17 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்த முடியும். 40 கிலோமீட்டரில் அது 67 கிலோ. 60இல் 150 கிலோவைத் தாண்டும். 80இல் 270 கிலோவை நெருங்கும். பந்தலின் சொந்த எடை பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ.

இது கூரை முழுவதையும் காற்று ஒரே சீராகத் தூக்குவதாக எடுத்துக்கொண்ட தோராயக் கணக்கு. உண்மையில் தூக்குவிசை கூரையின் சரிவையும், காற்றின் திசையையும், முக்கியமாகப் பந்தலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நான்கு பக்கமும் திறந்திருந்தால் காற்று கீழே புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும், தூக்குவிசை குறைவு. பின்பக்கம் அடைத்திருந்தால் புகுந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லை. அது கூரையின் அடியில் முட்டி அழுத்தும். அதே நேரத்தில் கூரையின் மேல் விளிம்பைத் தாண்டி ஓடும் காற்று மேலே உறிஞ்சும். தள்ளலும் உறிஞ்சலும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுச்சுமை விதியான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, திறந்த பந்தல் கூரைகளுக்கு அடியில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று பிரித்துத் தனித்தனி எண்கள் தருவது இதற்காகத்தான்.

இப்போது நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். பின்னால் கடையின் பெயர் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் கால்களுக்கு இடையே இழுத்துக் கட்டியிருக்கும். பக்கவாட்டில் வெயிலுக்காக ஒரு தார்ப்பாய். முன்பக்கம் மட்டும் திறப்பு. அந்தத் திறப்பு காற்று வரும் திசையைப் பார்த்திருந்துவிட்டால், பந்தலைத் தூக்குவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. பேனர் வேண்டுமென்றால் அதைக் கால்களில் கட்டாமல் தனிக் கம்பியில் கட்டுங்கள். அல்லது ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாவது போடுங்கள்.

சேலத்தில் எந்தக் காற்றுக்குப் பயப்பட வேண்டும்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்; ஆகவே ஆடியில் எல்லோரும் கவனமாகவே இருக்கிறார்கள். ஆடிக் காற்று நாள் முழுக்க ஒரே திசையில் அடிப்பது, முன்கூட்டியே தெரிவது. மடக்குப் பந்தலின் உண்மையான எதிரி சித்திரை, வைகாசியில் பிற்பகலில் கட்டும் இடிமேகம். வடக்கே சேர்வராயன், நாகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கிற ஊர் இது. கோடை வெயிலில் மலைச்சரிவுகள் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று மேலெழுந்து, ஈரம் இருக்கும் நாட்களில் பிற்பகலுக்குள் கொத்துக் கொத்தாக மேகம் வளரும்.

அந்த மேகத்திலிருந்து மழை இறங்கும்போது, கீழே உள்ள காற்று வறண்டிருப்பதால் துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாதல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்து, மழையோடு சேர்ந்து கீழே பாயும். தரையில் மோதியதும் அதற்கு வேறு வழியில்லை, நான்கு திசையிலும் விசிறியடித்துப் பரவும். மழை இன்னும் மலையில் பெய்துகொண்டிருக்கும். இங்கே வெயில்கூட முழுக்க மறைந்திருக்காது. திடீரென்று குளிர்ந்த காற்றும் புழுதியும் வரும். ‘ஆகா, மழை வரப்போகுது’ என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. பந்தல்கள் புரள்வதும் அப்போதுதான்.

மேகத்திலிருந்து காற்று இப்படிக் கொட்டி வீழும் என்பதை அறிவியல் உலகம் கவனித்த கதை சோகமானது. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 66ஆம் எண் விமானம் இடிமழைக்கு நடுவே விழுந்து நொறுங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட் ஃபுஜிதா பதிவுகளை அலசி, மேகத்தின் அடியிலிருந்து செங்குத்தாக இறங்கி விரிந்த காற்றுவீச்சே காரணம் என்றார். பலரும் முதலில் நம்பவில்லை. பின்னர் ரேடார் அளவீடுகள் அவர் சொன்னதை உறுதிசெய்தன. விமானத்தைத் தரையில் அறைந்த அதே வகைக் காற்றுதான், அளவில் சிறுத்து, கோடை மாலைகளில் நம் தெருவுக்கும் வருகிறது.

வானிலைக் கணிப்பாளர்களின் வரையறைப்படி ‘ஸ்குவால்’ என்ற திடீர்க் காற்று என்றால், வேகம் சட்டென்று நொடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டரை எட்டி, ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். நொடிக்கு 11 மீட்டர் என்பது மணிக்கு 40 கிலோமீட்டர். மேலே போட்ட கணக்கில் 67 கிலோ தூக்கும் காற்று. அதாவது ஒரு காற்று அந்தப் பெயருக்குத் தகுதி பெறும்போதே சாதாரணப் பந்தலை அது வென்றுவிட்டது. இதே ஐ.எஸ். 875, நாட்டைக் காற்று வேகத்தின்படி ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கிறது. அவற்றில் மிகக் குறைந்த வட்டாரத்துக்கே கட்டடங்கள் தாங்க வேண்டிய அடிப்படை வேகம் நொடிக்கு 33 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 119 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் வீச்சு, அதுவும் பத்து மீட்டர் உயரத்தில் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தியாவில் எந்த ஊருக்கும் ‘இங்கே காற்றே அடிக்காது’ என்று எழுதித் தர முடியாது.

எடைக்கு வருவோம். காலடித் தகட்டில் இரண்டு செங்கல் வைப்பது நம் வழக்கம். ஒரு செங்கல் 3 கிலோ என்றால் நான்கு காலுக்கும் 24 கிலோ. 18 கிலோ பந்தலோடு சேர்த்தால் 42. இது மணிக்கு 32 கிலோமீட்டர் வரை சமாளிக்கும். செங்கல்லுக்குப் பதில் காலுக்கு ஒன்றாக 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டினால் மொத்தம் 98 கிலோ; தாங்கும் வேகம் 48 கிலோமீட்டராகிறது. பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி நடுவில் ஒரு கொக்கி பதித்தால், லிட்டருக்கு 2.4 கிலோ கணக்கில் 18 லிட்டர் வாளி 43 கிலோ கனக்கும். நான்கு வாளியும் பந்தலும் சேர்ந்து 190 கிலோ. தாங்கும் வேகம் 67 கிலோமீட்டர். எடையை 24இலிருந்து 172 ஆக்கினோம், ஏழு மடங்கு. வேகம் இரண்டு மடங்குதான் கூடியது. இருமடி விதி இப்படித்தான் பழிவாங்கும். அதோடு 60 கிலோமீட்டர் காற்றில் கால்கள் தரையில் நின்றாலும் மேலே உள்ள மெல்லிய பட்டைகள் மடங்கிவிடும்.

ஆகவே எடை என்பது புயலோடு போராட அல்ல, பந்தலைச் சுருட்டும் வரை நேரம் வாங்க. அமெரிக்காவின் உழவர் சந்தைகளில் கடை போடுகிறவர்களுக்குக் காலுக்கு 11 முதல் 18 கிலோ வரை எடை கட்டாயம் என்று விதி வைத்திருக்கும் இடங்கள் நிறைய. நம் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதும் இப்படி ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் பெரிய செலவில்லை. என் கணிப்பில் காலுக்கு 20 கிலோ என்பது நியாயமான அளவு. தண்ணீர்க் கேன் எல்லாக் கடையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் குடிக்க எடுத்துத் தீர்த்த காலிக் கேன் எடையாகாது என்பதை மறந்துவிடக் கூடாது. மணல் மூட்டை இன்னும் வசதி, லிட்டருக்கு 1.6 கிலோ, காலைச் சுற்றிக் கட்டலாம், யார் காலும் தடுக்காது.

எங்கே கட்டுகிறோம் என்பது எவ்வளவு கட்டுகிறோம் என்பதற்குச் சமமான கேள்வி. காற்று கூரையைத் தூக்குகிறது. எடை காலடியில் இருக்கிறது. இடையில் உள்ள ஒவ்வொரு பிளாஸ்டிக் மூட்டும், உயரம் கூட்டும் உள்குழாயின் சின்னப் பட்டனும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். தகட்டின் மேல் கல்லை மட்டும் வைத்தால் கால் அப்படியே நிற்க, கூரை மட்டும் கழன்று போவது உண்டு. கயிற்றை மேல் மூலையில், சட்டத்தில் கட்டி, கீழே எடையோடு இறுக்குங்கள். எடை தரையைத் தொட்டிருக்க வேண்டும். தொங்கவிட்டால் ஊசலாடிக் காலிலேயே மோதும். மண்தரை என்றால் முளையைச் சாய்வாக, தலை பந்தலுக்கு வெளிப்புறம் சாயும்படி அடிக்க வேண்டும். சேலத்துக் கோடைத் தரை பாறைபோல் இறுகியிருக்கும், மழை பெய்ததும் இளகும். முதல் நாள் பிடித்த முளையை மறுநாள் நம்ப வேண்டாம்.

எப்போது இறக்குவது? இதற்குக் கருவி வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோலுக்குப் பின்னாளில் தரைக்கான அடையாளங்களும் சேர்ந்தன. புழுதியும் காகிதமும் கிளம்பி, சின்னக் கிளைகள் அசைந்தால் 20 முதல் 28 கிலோமீட்டர். இலை அடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடினால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமானால் 39 முதல் 49. கேரி பேக் தரையைவிட்டுப் பறக்கத் தொடங்கும் முதல் கட்டத்திலேயே பந்தலை இறக்கத் தொடங்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் அதைத் தொடவே கூடாது. பறக்கும் பந்தலைக் காலைப் பிடித்து நிறுத்த முயல்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. 67 கிலோ தூக்கும் காற்றில் தொங்கும் மனிதர் எடையல்ல, சுமை. விட்டுவிட்டு விலகுங்கள், துணி போனால் வாங்கிக்கொள்ளலாம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான இடிமழை எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. மேகம் கறுக்கும் நாளில் அதை ஒரு தடவை பார்ப்பது நல்லது. இடி கேட்டால் பந்தலுக்கு அடியில் ஒதுங்காதீர்கள். இரும்புக் கால் கொண்ட துணிக்கூரை மின்னலுக்கு மறைப்பே அல்ல.

காற்றுக்கு அடுத்தது தேங்கும் நீர். ஒரு மில்லிமீட்டர் மழை இந்தக் கூரையில் 9 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு கோடை மழையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 280 லிட்டர். துணி விறைப்பாக இருந்தால் அத்தனையும் வழிந்துவிடும். கொஞ்சம் தொய்ந்திருந்தால் தொய்வில் நீர் தங்கும். தங்கிய நீரின் எடை தொய்வை ஆழமாக்கும். ஆழமான தொய்வில் இன்னும் நீர் சேரும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலில் ஒரு பக்கத்துக் குழாய் வளைந்தால் முடிந்தது. மழைக்கு முன்பே ஸ்லைடரையும் மூலை வெல்க்ரோவையும் சரிபார்த்து, ஒரு பக்கத்து இரண்டு கால்களை ஒரு துளை இறக்கி வைத்தால் நீர் ஒரே பக்கம் ஓடும். தேங்கிவிட்டால் குழியின் நடுவில் கம்பால் குத்தாதீர்கள். விளிம்போரம் உள்ளங்கையால் மெல்லத் தூக்கிச் சிறிது சிறிதாக வழியவிடுங்கள்.

துணியைப் பற்றி அம்மாபேட்டைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதும் இல்லை. தறி ஓடுகிற ஊர். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பட்டு நூலை 20/22 டெனியர் என்று கேட்டு வாங்கும் நெசவாளர், பந்தல் துணியின் அட்டையில் ‘600டி’ என்று இருப்பது அதே டெனியர்தான் என்று உடனே கண்டுகொள்வார். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே அந்த எண். 600 டெனியர் நூல் 300ஐவிட இருமடங்கு கனம். ஆனால் நூல் கனமாக இருந்தும் ஊடும் பாவும் இளக்கமாக ஓட்டிய துணி ஏமாற்றிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த துணி பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் இழுவையைத் தாங்கும், மூலைவிட்டமாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். பந்தலின் இழுப்பு மூலையிலிருந்து உச்சிக்கு, பெரும்பாலும் மூலைவிட்டமாகவே விழுகிறது. நல்ல பந்தலில் மூலைகளில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருப்பது இதனால்தான். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த மூலைகளையும் உச்சியில் உள்ள ஒட்டையும்தான், நிறத்தை அல்ல.

பாலியஸ்டர் வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும் புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். துணிக்கு முன்னால் இற்றுப்போவது தையல் நூல், ஏனென்றால் அது மேலே முழு வெயிலில் கிடக்கிறது. உட்புறம் வெள்ளி பூசிய துணி கதிரைத் தடுக்கும், அடியில் நிற்பவர்மேல் விழும் வெப்பக் கதிரையும் குறைக்கும். கறுப்பும் கருநீலமும் நல்ல நிழல் தரும். ஆனால் தாங்களே கொதித்து, அந்தச் சூட்டைக் கீழே வீசும். உச்சியில் காற்றுத் திறப்பு உள்ள பந்தல் சூட்டையும் வெளியேற்றும், தூக்குவிசையையும் சிறிது குறைக்கும். வெளியே 39 பாகை என்றால் பந்தலுக்கு அடியிலும் காற்று 39 பாகைதான். நிழல் நம்மீது விழும் கதிரைத்தான் குறைக்கிறது.

பராமரிப்பில் பாதி, காய வைப்பது. நனைந்த பந்தலை அப்படியே பைக்குள் திணித்து ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டரைப் பூஞ்சை தின்பதில்லை. அதில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் தின்றே வளர்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் உட்புறப் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டி, பழைய மழைக்கோட்டு நாற்றம் அடிக்கும். அதன்பின் அந்தத் துணி மழையைத் தடுக்காது. இரவு மழையில் மடக்க வேண்டியிருந்தால் மறுநாளே விரித்து உலர்த்துங்கள். கழுவ, சாதாரண சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். ஸ்லைடர் இறுகினால் கிரீஸ் தடவுவது நம் கை வழக்கம். புழுதி ஊரில் கிரீஸ் மண்ணைப் பிடித்து உப்புக் காகிதமாக்கிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தாலே வழுக்கும். பையை எலி எட்டாத உயரத்தில், நிமிர்த்தி வையுங்கள்.

பட்டை வளைந்துவிட்டால் பலரும் தட்டி நிமிர்த்தி, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய குழாய் நேராக இருக்கும் வரைதான் பலசாலி. ஒருமுறை மடங்கிய இடத்தில் சுவர் நசுங்கியிருக்கும். அடுத்த காற்றில் அங்கேயேதான் மடங்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் சுவரில் வெல்டிங் வைத்தால் துளை விழும், துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் மழையில் துரு ஏறும். அந்த ஒரு பட்டையை மட்டும் ஆணி கழற்றி மாற்றுவதுதான் சரி. உதிரிப் பட்டைகளும் பிளாஸ்டிக் மூட்டுகளும் கிடைக்கிற கடையில் பந்தலையே வாங்குவது அதைவிடச் சரி.

மின்சாரமும் தீயும் பராமரிப்புக் கணக்கில் வராதவை, ஆனால் உயிர் போவது அவற்றால்தான். 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்து ஜசோலில் ராமகதைக் கூட்டத்துக்குப் போட்ட பெரிய கூடாரம் புயற்காற்றில் சரிந்தது, மின்சாரமும் பாய்ந்தது, 14 பேர் இறந்தார்கள். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். அம்மாபேட்டைத் தெருக்களில் தலைக்கு மேல் கம்பி இல்லாத இடம் தேடினால்தான் கிடைக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டுக் காலை விரியுங்கள். கம்பிக்கு நேர் கீழும் வேண்டாம், பறந்தால் போய் விழும் தூரத்திலும் வேண்டாம். மின்கம்பத்தில் கயிறு கட்டாதீர்கள். பல்புக்கு இழுத்த வயர் கத்தரிப் பட்டையில் மாட்டிக்கொண்டால் மடக்கும்போது உறை கிழிந்து, நான்கு கால்களிலும் மின்சாரம் நிற்கும். அந்த வயருக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும்.

தீக்கு நம்மிடம் கசப்பான பாடங்கள் நிறைய. ஹரியானாவின் டப்வாலியில் 1995 டிசம்பர் 23 அன்று பள்ளி விழாவின் ஷாமியானா தீப்பற்றி 400க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றியதில் 50க்கும் மேற்பட்டோர் போனார்கள். செயற்கை இழைத் துணி எரிவதோடு நிற்காமல் உருகிச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் தோலில் ஒட்டும். தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கு ஐ.எஸ். 8758 என்ற தனி விதிநூலே உண்டு. கடைக்காரர் நினைவில் வைக்க வேண்டியது சிறியது: பஜ்ஜிச் சட்டியையும் பர்னரையும் துணிக்கு வெளியே வையுங்கள். பக்கத் துணியைக் கட்டிவிட்டு உள்ளே அடுப்பு பற்ற வைக்காதீர்கள். இரவில் பந்தலை மடக்கும் முன் சிலிண்டரை மூடுங்கள்.

பந்தல் விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு காலுக்கும் மணல் பை தைத்து, பந்தலோடு சேர்த்தே விலை சொல்லுங்கள். தையலுக்கும் துணிக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. வாங்கப் போகிறவர்கள் அந்தப் பை இல்லாத பந்தலை, எத்தனை சல்லிசாகக் கிடைத்தாலும், வாங்காமல் திரும்புங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடுத்த சித்திரை மழைக்கு முன் நான்கு பெயின்ட் வாளியைத் தேடி எடுத்துக் கான்கிரீட் ஊற்றிவிடுங்கள். இறுகி முழு வலு ஏற 28 நாள் ஆகும்.